மசோதா எங்கே தேங்குகிறது? நாடாளுமன்ற, சட்டமன்றத் தகவல் தளங்கள்: ஒரு மதிப்பீடு

பெண்களுக்கான இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் முதன்முதலாக அறிமுகமானது 1996 செப்டம்பர் 12 அன்று. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது 2023 செப்டம்பர் 28 அன்று. இந்த 27 ஆண்டுகளில் அது எந்தெந்தப் படியில், யாருடைய முடிவால், எவ்வளவு காலம் தேங்கியது என்பதை ஒரு வாக்காளர் வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்க முடியுமா? நாடாளுமன்றத்தின் சன்சத் தளம், பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் தளம், தமிழ்நாடு சட்டப்பேரவைத் தளமும் மாநில அரசிதழும், மத்திய அரசிதழ்த் தளம் ஆகியவற்றை இந்த ஒரே கேள்வியை வைத்து இங்கே மதிப்பிடுகிறோம். படிப்பதற்கு எதிலும் கட்டணம் இல்லை.

மசோதாவைத் தடுப்பது என்றதும் அவை நடுவே பதாகை, முழக்கம், ஒத்திவைப்பு என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அது கண்ணில் படும் தடை. சத்தமே இல்லாத தடைகள் மூன்று உண்டு. அறிமுகம் செய்துவிட்டு விவாதத்துக்கு எடுக்காமலே வைத்திருப்பது ஒன்று. அவை நிறைவேற்றிய பிறகு ஒப்புதல் தராமல் வைத்திருப்பது இன்னொன்று. ஒப்புதலும் ஆன பிறகு, நடைமுறைக்கு வரும் தேதியை அறிவிக்காமல் விடுவது மூன்றாவது. அரசியல் சீர்திருத்தம் தொடர்பான மசோதாக்கள் பெரும்பாலும் இந்தச் சத்தமில்லாத தடைகளில்தான் சிக்கின. அதனால் ஒரு தளம் நல்லதா இல்லையா என்பதை, அமளியை அது எப்படிக் காட்டுகிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மௌனத்தைக் காட்டுகிறதா என்பதே முக்கியம்.

சன்சத் தளம்

இரு அவைகளுக்கும் பொதுவான அதிகாரபூர்வத் தளம் இது. முகப்பில் மக்களவை அல்லது மாநிலங்களவையைத் தேர்ந்துகொண்டு, லெஜிஸ்லேஷன் என்ற பிரிவில் பில்ஸ் என்பதைத் திறந்தால் மசோதாப் பட்டியல் வரும். மசோதாவின் எண், பெயர், அரசு மசோதாவா தனிநபர் மசோதாவா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது), எந்த அமைச்சகம், அறிமுகமான நாள், ஆய்வுக்காக நாடாளுமன்றக் குழுவுக்குப் போன நாள், ஒவ்வோர் அவையிலும் நிறைவேறிய நாள், ஒப்புதல் நாள் என்று விவரங்கள் இருக்கும். அறிமுகமான வடிவமும் நிறைவேறிய வடிவமும் தனித்தனி பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தால் எந்த உட்பிரிவு வழியில் மாறியது என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே தளத்தைப் பாராட்டலாம்.

தேடும்போது பெயரை நம்பக் கூடாது. எண்ணையும் ஆண்டையும் நம்ப வேண்டும். பெண்கள் இடஒதுக்கீடு 1996-இல் 81-ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவாக வந்தது. 1998-இல் 84, 1999-இல் 85, 2008-இல் 108, 2023-இல் 128. கடைசியில் சட்டமானபோது அது 106-ஆவது திருத்தச் சட்டம். மசோதா எண்ணும் சட்ட எண்ணும் வேறு வேறு என்பதைக் கவனிக்காதவர்கள் தவறான கோப்பைத் திறந்துவிட்டு, தளத்தில் தகவலே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பட்டியலின் பெரிய குறை நிலவரப் பத்தியில் இருக்கிறது. நிலுவை, நிறைவேறியது, திரும்பப் பெறப்பட்டது, காலாவதி என்ற சில சொற்களோடு அது நின்றுவிடுகிறது. ‘காலாவதி’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அரசியலமைப்பின் 107-ஆவது பிரிவைத் தெரிந்துகொண்டால்தான் படிக்க முடியும். கூட்டத்தொடர் முடிவதால் எந்த மசோதாவும் சாகாது. மக்களவை கலைந்தால், மக்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதாக்களும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருக்கும் மசோதாக்களும் காலாவதியாகும். மாநிலங்களவையில் அறிமுகமாகி, இன்னும் மக்களவை நிறைவேற்றாமல் மாநிலங்களவையிலேயே நிலுவையில் இருப்பவை மட்டும் தப்பிக்கும்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு 108-ஆவது திருத்த மசோதாவைப் பாருங்கள். 2008 மே 6 அன்று அது மாநிலங்களவையில் அறிமுகமானது. அங்கே இருந்தவரை மக்களவைக் கலைப்பு அதைத் தொடாது. 2009 தேர்தலையும் அது கடந்து வந்தது. 2010 மார்ச் 9 அன்று 186 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு என்ற கணக்கில் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. நிறைவேறி மக்களவைக்குப் போனதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அடுத்த 4 ஆண்டுகள் மக்களவை அதை வாக்கெடுப்புக்கு எடுக்கவே இல்லை. 2014-இல் 15-ஆவது மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதி. மார்ச் 2010-இல் மாநிலங்களவையில் நடந்த அமளி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த மசோதாவைக் கொன்றது அமளி அல்ல, அதற்குப் பிறகு வந்த 4 ஆண்டு மௌனம். சன்சத் தளத்தின் பட்டியலில் இந்த 4 ஆண்டுகளுக்கென்று ஒரு பத்தியும் கிடையாது.

ஆனாலும் மௌனத்தை அளக்க அதே தளத்திலேயே வழி உண்டு. சற்றுப் பொறுமை வேண்டும். மூன்று ஆவணங்களை ஒப்பிட வேண்டும். முதலாவது, புல்லட்டின் இரண்டாம் பகுதி. கூட்டத்தொடருக்கு முன் எந்தெந்த மசோதாக்களை எடுக்க அரசு உத்தேசித்திருக்கிறது என்ற பட்டியல் இதில் வரும். இரண்டாவது, அன்றாட நிகழ்ச்சி நிரல்; லிஸ்ட் ஆஃப் பிசினஸ் என்ற பெயரில் ஒவ்வொரு அமர்வுக்கும் தனிக் கோப்பாக இருக்கும். மூன்றாவது, புல்லட்டின் முதல் பகுதி. அன்று அவையில் உண்மையில் நடந்தவற்றின் சுருக்கப் பதிவு.

மசோதா முதல் ஆவணத்தில் இருந்து, இரண்டாவதில் ஒரு நாள்கூட இடம்பெறவில்லை என்றால் அதை எடுக்காமல் விட்டது அரசு. எதிர்க்கட்சியின் கூச்சலை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. இரண்டாவதில் இருந்து மூன்றாவதில் இல்லை என்றால், அன்று அவை அந்த இடம்வரை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை ஒத்திவைப்பு நேரங்களை வைத்து மூன்றாவது ஆவணமே காட்டிவிடும். மூன்றிலும் இருந்தால் விவாதம் நடந்திருக்கிறது. அடுத்து விவாதப் பதிவைத் திறக்க வேண்டும். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒதுக்குவது அலுவல் ஆய்வுக் குழு. அதன் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் ஒதுக்கிய நேரத்துக்கும் பேசிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி தெரியும். ஒரு கூட்டத்தொடருக்கு இந்த ஒப்பீட்டை முழுதாகச் செய்ய ஒரு பிற்பகல் போய்விடும். யார் தடுத்தார்கள் என்ற தொலைக்காட்சிச் சண்டைக்கு ஆவணத்தோடு பதில் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

விவாதப் பதிவுகள் நாடாளுமன்ற மின்னூலகத்தில் 1952 முதல் இருக்கின்றன. பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டவை என்பதால் சொல்லைப் போட்டுத் தேடுவதைவிட நாளைப் போட்டுத் தேடுவது நம்பகமானது. 2011 டிசம்பர் 29-ஆம் தேதிக்குரிய மாநிலங்களவைப் பதிவை எடுத்துப் பாருங்கள். ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்கான மசோதா மீதான விவாதம் நள்ளிரவு வரை நீண்டு, மசோதாவின் நகல் அவையிலேயே கிழிக்கப்பட்டு, வாக்கெடுப்பே இல்லாமல் அவை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. பட்டியலில் அது ‘நிலுவை’ என்ற ஒற்றைச் சொல். 1968-இல் தொடங்கிய லோக்பால் முயற்சி அன்று அவ்வளவு அருகில் வந்து நின்றது பதிவைப் படித்தால்தான் புரியும். 2012-இல் தேர்வுக்குழுவுக்குப் போய், 2013 டிசம்பர் 17, 18 தேதிகளில் இரு அவைகளிலும் நிறைவேறி, 2014 ஜனவரி 1 அன்று ஒப்புதல் பெற்றது. முதல் லோக்பால் தலைவர் பொறுப்பேற்றது 2019 மார்ச்சில். சட்டம் வந்த பிறகும் 5 ஆண்டுகள்!

பதிவைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவைத் தலைவர் நீக்கச் சொன்ன சொற்கள் அதில் இருக்காது. மக்களவையில் விதி 380, மாநிலங்களவையில் விதி 261. நீக்கிய இடத்தில் உடுக்குறி (*) மட்டும் நிற்கும். அந்த நாளின் காணொளியும் எழுத்துப் பதிவும் சொல்லுக்குச் சொல் பொருந்தாது. மேற்கோள் காட்டுபவர்கள் எதிலிருந்து எடுத்தோம் என்பதைக் குறிப்பிடுவது நல்லது.

யார் எப்படி வாக்களித்தார் என்ற கேள்விக்கு இந்தத் தளம் மிகப் பலவீனமாகப் பதில் சொல்கிறது. குறை தளத்தில் மட்டும் இல்லை, முறையிலேயே இருக்கிறது. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. அப்போது பெயர் பதிவாகாது. உறுப்பினர் கேட்டு, அவைத் தலைவர் ஏற்று, பிரிவு வாக்கெடுப்பு நடந்தால் மட்டுமே பெயர்ப் பட்டியல் கிடைக்கும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் மீது பிரிவு வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டும், குரல் வாக்கெடுப்பிலேயே அவை நிறைவேறின. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு எப்படி வாக்களித்தார் என்பதைப் பார்க்கலாம்; அதற்குப் பிரிவு வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். சாதாரணச் சட்டங்களில் பெரும்பாலும் பார்க்க முடியாது. பெயர் பதிவான வாக்கெடுப்புகளையாவது உறுப்பினர் வாரியாகத் தேடும்படி தொகுத்துத் தந்தால் இந்தத் தளத்தின் பயன் பல மடங்கு கூடும்.

தனிநபர் மசோதாக்களைத் தேடுபவர்கள் ‘நிலுவை’ வடிகட்டியைப் போட்டால் பெரிய பட்டியல் வந்து விழும். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம்தான் அவற்றுக்கு. 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமாகவில்லை. தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அது எவ்வளவு அரிய நிகழ்வு என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தால் விளங்கும். அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. 2019-இல் அரசு தன் சொந்த மசோதாவைச் சட்டமாக்கிக்கொண்டது.

மொழி விஷயத்தில் ஏமாற்றம்தான். அவை நடவடிக்கையை நேரலையில் தமிழ் மொழிபெயர்ப்போடு கேட்க முடிகிறது. ஆனால் மசோதா, புல்லட்டின், குழு அறிக்கை எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தேடலையும் ஆங்கில எழுத்தில்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

மதிப்பெண்: 5-க்கு 3. ஆவணக் களஞ்சியமாக 5 கொடுக்கலாம். தேங்கிய இடத்தைக் காட்டும் கருவியாக 2 கூட அதிகம்.

பி.ஆர்.எஸ்.

டெல்லியில் 2005-இல் தொடங்கப்பட்ட, லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனம். புதிதாகத் தொடங்குபவர் முதலில் இங்கே வருவதே நல்லது. ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு பக்கம். அதில் எளிய ஆங்கிலத்தில் சுருக்கம், எந்தப் படியில் இருக்கிறது என்ற கோடு, குழு அறிக்கையின் சுருக்கம், முக்கிய மசோதா என்றால் நிறை குறைகளை அலசும் குறிப்பு. சன்சத் தளத்தில் ஏழெட்டுக் கோப்புகளைத் திறந்து பெற வேண்டியதை இங்கே ஒரே பக்கத்தில் படித்துவிடலாம்.

இந்தத் தளத்தின் தனிச் சிறப்பு, கூட்டத்தொடர் முடிந்ததும் வெளியிடும் வைட்டல் ஸ்டாட்ஸ் என்ற இரண்டு பக்கப் புள்ளிவிவரக் குறிப்பு. குழுவுக்கு அனுப்பப்பட்ட மசோதாக்களின் பங்கு 14-ஆவது மக்களவைக் காலத்தில் 60 சதவீதம், 15-ஆவதில் 71 சதவீதம், 17-ஆவதில் 16 சதவீதம் என்பது இவர்கள் தொகுத்த கணக்கு. தடைக்கு நேர் எதிரான நோயை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆய்வே இல்லாமல் மசோதா ஓடிப்போவதும் மக்களாட்சிக்கு இழப்புதான். குழுவுக்குப் போவதைத் ‘தாமதம்’ என்று ஒரே கூடையில் போடுவது தவறு. குழுவுக்குப் போன மசோதாவுக்கு அறிக்கை தர வேண்டிய நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாள் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள். நீட்டிப்புத் தொடர்ந்தால் தடை. உரிய காலத்தில் அறிக்கை வந்தால் அது வேலை.

எண்களைப் பயன்படுத்துபவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். அவை எவ்வளவு சதவீதம் இயங்கியது என்ற கணக்கு மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறது. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் 2ஜி விவகாரத்தில் முடங்கியபோது மக்களவை ஏறத்தாழ 6 சதவீதமும் மாநிலங்களவை 2 சதவீதமும் மட்டுமே இயங்கியதை அந்தக் கணக்கு சரியாகக் காட்டியது. ஆனால் 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நேரத்தில்தான் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் அவை அந்நாட்களில் நன்றாக இயங்கியதாகத் தோன்றும். அவையில் யார் இருந்தார்கள் என்பதை மணிக்கணக்கு சொல்லாது.

அடுத்தது, உறுப்பினர் வருகைப் பதிவு. அது பதிவேட்டில் இட்ட கையெழுத்தின் கணக்கு. அமைச்சர்கள், அவைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகியோர் கையெழுத்திடுவதில்லை. அவர்களுடைய பக்கம் காலியாக இருப்பதை வைத்து வரவே இல்லை என்று பரப்புவது தவறு. மூன்றாவதாக, கேள்விகளின் எண்ணிக்கை. மக்களவையில் ஒரு நாளைக்கு, அவையில் வாய்மொழியாகப் பதில் தரும் 20 உடுக்குறிக் கேள்விகளும் எழுத்தில் பதில் தரும் 230 உடுக்குறியிடாத கேள்விகளும்தான் ஏற்கப்படும். யாருடையது வரும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. அதிகக் கேள்வி கேட்டவர் சிறந்த உறுப்பினர் என்ற தரவரிசையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. என்ன கேட்டார் என்று ஓரிரு கேள்விகளைத் திறந்து படிப்பதே சரியான அளவுகோல்.

மத்திய மசோதாக்களுக்கு 5-க்கு 4. மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றி ஆண்டறிக்கை வெளியிடுகிறார்கள். ஆனால் ஒரு மாநில மசோதா ஆளுநர் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை நாளுக்கு நாள் தொடர இந்தத் தளம் போதாது.

தமிழ்நாடு சட்டப்பேரவைத் தளமும் அரசிதழும்

உண்மையான இருட்டு இங்கேதான். பேரவைத் தளத்தில் சட்டமுன்வடிவுகள், அதாவது மசோதாக்கள், எல்.ஏ. எண் (பேரவை மசோதாவின் வரிசை எண்), ஆண்டு வாரியாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. தமிழில் சட்டவாசகம் படிக்க விரும்புபவர்களுக்கு இது பெரிய உதவி. நிறைவேறிய நாள்வரை பாதை தெளிவு. அதன் பிறகு சட்டத்துறை வழியாக ஆளுநரிடம் எந்த நாளில் போனது, விளக்கம் கேட்டுத் திரும்பியதா, குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டதா என்பதற்கு அன்றாடம் புதுப்பிக்கப்படும் பொதுப் பட்டியல் ஒன்று இல்லை.

முடிந்தவற்றுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மாநில அரசிதழில் நான்காம் பகுதியின் முதல் பிரிவில் சட்டமுன்வடிவுகளும் இரண்டாம் பிரிவில் சட்டங்களும் வெளியாகும். சட்டத்தின் தலைப்பில், எந்த நாளில் ஆளுநரின் அல்லது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது என்று அச்சிட்டிருப்பார்கள். பேரவை நிறைவேற்றிய நாளை அதிலிருந்து கழித்தால் காத்திருந்த காலம் கிடைக்கும். ஓர் ஆண்டின் எல்லாச் சட்டங்களுக்கும் இப்படிக் கணக்கிட்டு ஓர் அட்டவணையாக வைத்துக்கொண்டால், எந்த வகைச் சட்டங்கள் வேகமாகப் போகின்றன, எவை தேங்குகின்றன என்பது பளிச்சென்று தெரியும். பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் கிடைக்காதவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் அரசிதழில் எதுவுமே வராது. நீட் விலக்கு மசோதாவை 2021 செப்டம்பர் 13 அன்று பேரவை நிறைவேற்றியது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 8 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததைப் பொதுமக்கள் அறிந்தது 2025 ஏப்ரல் 4 அன்று முதல்வர் பேரவையில் அறிவித்தபோது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ‘நிலுவை’ என்ற ஊகம் மட்டுமே மக்களிடம் இருந்தது.

ஆளுநர் திருப்பி அனுப்பிய வேறு பத்து மசோதாக்களின் கதையும் அப்படித்தான். அவற்றுள் பழையவை 2020 ஜனவரியில் பேரவை நிறைவேற்றியவை. 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்துத் திருப்பினார். 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் பேரவை மறுபடி நிறைவேற்றியது. 28-ஆம் தேதி அவை குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஏப்ரல் 11 அன்று அரசிதழில் சட்டங்களாக வெளியாயின. ஒவ்வொரு மசோதாவும் எந்த நாளில் எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தீர்ப்பைவிடத் தெளிவான பொது ஆவணம் இல்லை. வழக்கு வரை போனால்தான் தேதி தெரியும் என்ற நிலையைத் தகவல் சேவை என்று ஏற்க முடியாது.

இந்தக் குறை இப்போது முன்பைவிடக் கனமானது. அந்தத் தீர்ப்பை அடுத்து குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய 14 கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20 அன்று அதன் ஐந்து நீதிபதி அமர்வு கருத்து தெரிவித்தது. ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறையும் ஏற்புடையதல்ல என்றது. அதே சமயம், காரணமில்லாமல் நீண்ட காலம் முடிவெடுக்காமல் இருந்தால் நீதிமன்றம் வரம்புக்குட்பட்ட உத்தரவு பிறப்பிக்கலாம் என்றும் சொன்னது. காலக்கெடு இல்லை என்றான பின், ‘நீண்ட காலம்’ என்பதை ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும். நிரூபிக்கத் தேதிகள் வேண்டும். சட்டத்துறை அனுப்பிய நாள், ஆளுநர் மாளிகை பெற்ற நாள், விளக்கம் கேட்ட நாள், பதில் போன நாள் என்ற நான்கு பத்திகளைப் பேரவைத் தளத்தில் சேர்க்க எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை. மாநில அரசு நினைத்தால் தன் பக்கத்துத் தேதிகளையாவது நாளையே வெளியிடலாம். ஆளுநரைக் குறைகூறும் அரசுகள் எல்லாவற்றிடமும் இதைக் கேட்டாக வேண்டும்.

மதிப்பெண்: தமிழ் வடிவத்துக்காக 5-க்கு 2. ஒப்புதல் நிலவரத்துக்குச் சுழியம்.

மத்திய அரசிதழ்த் தளம்

சட்டமானதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கே வர வேண்டும். இரண்டாம் பகுதியின் முதல் பிரிவில் சட்டங்கள், இரண்டாம் பிரிவில் மசோதாக்கள், மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் விதிகள், இரண்டாம் உட்பிரிவில் அறிவிக்கைகளும் ஆணைகளும். ஒரு சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் பெரும்பாலும் கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் கிடக்கும்.

முதலில் சட்டத்தின் முதல் பிரிவைப் படியுங்கள். ‘மத்திய அரசு அறிவிக்கையின் மூலம் குறிக்கும் நாளில்’ நடைமுறைக்கு வரும் என்று இருந்தால், ஒப்புதல் நாள் ஒன்றையும் உறுதி செய்யாது. ‘வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாட்கள் குறிக்கலாம்’ என்றும் இருந்தால், அறிவிக்கையில் எந்தெந்தப் பிரிவு எண்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கில் ஊதியத் தொகுப்பு 2019-இலும் மற்ற மூன்றும் 2020-இலும் நிறைவேறின. அவற்றின் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. ஊதியத் தொகுப்பின் ஓரிரு பிரிவுகள் மட்டும் முன்னதாகவே அமலானதால், முழுச் சட்டமும் அமலில் இருப்பதாகச் சிலர் குழம்பினார்கள். 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2020 ஜனவரி 10 முதல் அமலுக்கு வந்தது; விதிகள் வெளியானது 2024 மார்ச் 11 அன்று. விதி இல்லாதவரை விண்ணப்பப் படிவம்கூட இருக்காது.

106-ஆவது திருத்தச் சட்டத்தை இதே முறையில் படித்தால் இரண்டு பூட்டுகள் தெரியும். நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. அதன் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகி, தொகுதி மறுவரையறை முடிந்த பின்பே இடஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்ற 334ஏ பிரிவு இன்னொன்று. 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று நிறைவேறிய அன்றே இந்த இரண்டும் மசோதாவின் வாசகத்தில் இருந்தன.

தேடும்போது அமைச்சகம், பகுதி, பிரிவு, தேதி ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். சட்டத்தின் பெயரை மட்டும் போட்டால் வராமல் போகலாம், ஏனென்றால் அறிவிக்கைக்குத் தனித் தலைப்பு இருக்கும். கோப்பு கிடைத்ததும் மேலே உள்ள அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியான தேதி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும், மறுபடி தேட அதுவே போதும். விதிகளுக்கு, சட்டங்களைத் தொகுத்துத் தரும் அரசின் இந்தியா கோட் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சட்டத்தின் பக்கத்திலேயே அதன் கீழ் வந்த விதிகள் சேர்க்கப்பட்டிருக்கும். அரசிதழ்த் தளத்துக்கு 5-க்கு 3.

எதில் தொடங்குவது?

கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பி.ஆர்.எஸ். பக்கம் ஒன்றைப் படித்தால் போதும். செய்தியோ கட்டுரையோ எழுதுபவர் சன்சத் தளத்தின் மூன்று ஆவண ஒப்பீட்டைச் செய்யாமல் ‘எதிர்க்கட்சியால் முடங்கியது’ என்றோ ‘அரசு கிடப்பில் போட்டது’ என்றோ எழுதக் கூடாது. சட்டம் தன்னைப் பாதிக்கும் என்று பார்ப்பவர் நேராக அரசிதழுக்குப் போகலாம்.

மாநில மசோதாவைத் தொடர்பவருக்கு மேலே சொன்ன எந்தத் தளமும் முழுப் பதில் தராது. அவருக்கு இரண்டு வழிகள். மாநில மசோதாக்கள் குடியரசுத் தலைவரிடம் போவது உள்துறை அமைச்சகம் வழியாக. அதனால் சன்சத் தளத்தின் கேள்விப் பகுதியில் உள்துறை அமைச்சகத்தைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் மாநிலத்தின் பெயரையும் மசோதா என்ற சொல்லையும் போட்டுத் தேடினால், எத்தனை நிலுவையில் உள்ளன என்ற பதில்கள் சில கிடைக்கலாம். இன்னொன்று தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், இணையத்திலும் அனுப்பலாம். ஒன்றைச் சட்டத்துறைக்கும் ஒன்றை ஆளுநர் மாளிகைக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். குடியரசுத் தலைவருக்குப் போன மசோதா என்றால் உள்துறை அமைச்சகத்துக்கும் ஒன்று. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் அது காரணம் கேட்பது என்று சொல்லித் தள்ளிவிட இடம் உண்டு. கோப்புக் குறிப்புகளைக் கேட்டால் விலக்குப் பிரிவைக் காட்டலாம். எல்.ஏ. எண்ணையும் ஆண்டையும் எழுதி, பெற்ற நாள், அனுப்பிய நாள், திருப்பிய நாள், கடிதங்களின் எண், தேதி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மாநில அலுவலகங்களுக்கு மாநில ஆணையம், உள்துறை அமைச்சகத்துக்கு மத்திய ஆணையம். வந்த பதில்களில் ஒரே மசோதாவுக்கு இரு அலுவலகங்கள் வெவ்வேறு தேதி சொன்னால் இரண்டையும் அப்படியே பத்திரப்படுத்தி, அனுப்பிய கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது மனு ஒன்று போடுங்கள்.